மாலை போட்ட பஸ்

வண்டி ரிப்பேர் படிக்கிறவன் வீட்டில் கல்யாணம் வந்தால், அவன் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. எனக்கு அந்தப் புத்தி அப்போது இல்லை.

கிள்ளானில் ஒரு பஸ் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மற்ற நாள்களில் பட்டறை. அங்கே என் வேலை கிரீஸ் துடைப்பது, டயர் உருட்டுவது, எதைத் தொட்டாலும் திட்டு வாங்குவது. ஆனால் வீட்டில் நான் இன்ஜினியர். கோயிலில் பார்க்கிற அத்தனை பேரிடமும் அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். (நானும் மறுக்கவில்லை. பெத்த தாய் பேச்சை மறுக்கலாமா?)

அப்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு கிள்ளான், கல்யாணம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வர பஸ் பிடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே பாய்ந்தேன்.

“எங்க பட்டறையில புது பஸ் இருக்குப்பா. நானே சர்வீஸ் பண்ணி, நானே கூட இருந்து கூட்டிட்டு வரேன்.”

சர்வீஸ் என்று நான் செய்தது, கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றியது மட்டும்தான். மீதி உற்சாகத்தை எல்லாம் அலங்காரத்தில் காட்டினேன். பூ மாலை பஸ்ஸுக்குப் பத்தாது என்று, பளபளவென்று ஜிகினா சுற்றிய ஒரு ராட்சச மாலையை வாங்கி வந்து பஸ்ஸின் முகத்தில் கட்டினேன். பம்பருக்கு நடுவே கறுப்பாக ஒரு தகடு அசிங்கமாகத் தெரிந்தது. மாலையின் குஞ்சத்தை அதன்மேல் தொங்கவிட்டு மறைத்தேன்.

டிரைவர் முருகையா அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “கொஞ்சம் ஓவரா இல்ல, தம்பி?”

“கல்யாண பஸ்ஸுன்னா தூரத்துல இருந்தே தெரியணும்ணே.”

மாப்பிள்ளை காரில் முன்னால் போய்விட்டார். அவருடைய அம்மாவை நாங்கள் அத்தை என்போம். அவர் தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் முதல் சீட்டில் அமர்ந்தார். பத்தரைக்குள் முகூர்த்தம். தாலி எங்கள் பஸ்ஸில்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் பஸ் தானாகப் பிரேக் போட்டது. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. நாற்பது பேரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். ஒரு தட்டு லட்டு என் காலடிக்கு உருண்டு வந்தது. அத்தை தாலித் தட்டை இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“நான் அமுக்கல லா! அதுவா புடிக்குது!” என்று அலறினார் முருகையா அண்ணன்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை. பெட்டாலிங் ஜெயாவை நெருங்கியபோது ஓரம் கட்டிவிட்டார். எல்லோரும் திரும்பி இன்ஜினியரைப் பார்த்தார்கள்.

நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் புகுந்தேன். ஏன் புகுந்தேன் என்று எனக்கே தெரியாது. பட்டறையில் பெரியவர்கள் அப்படித்தான் புகுவார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் ஸ்பேனரால் தட்டிப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் கிரீஸோடு வெளியே வந்து, “காத்து அடைச்சிருந்துச்சு. இப்ப சரியாயிருச்சு” என்றேன். எந்தக் காற்று, எங்கே அடைத்தது என்று யாரும் கேட்காதது என் அதிர்ஷ்டம். பஸ் கிளம்பி வேகம் எடுத்ததும் மறுபடி பிரேக் பிடித்தது. மறுபடியும் ஓரம் கட்ட, நான் கீழே இறங்கினேன்.

போன் அடித்தது. அப்பா.

“எங்கடா இருக்கீங்க?”

“வந்துட்டோம்பா.”

“எங்க வந்துட்டீங்க?”

அதற்குள் அக்கா அவரிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். “டேய், ஐயர் மணியப் பாத்துக்கிட்டே இருக்காரு. தாலி இல்லாம நான் என்னத்தடா பண்ண?” என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்குச் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதுவிடலாம் என்றிருந்தது.

அத்தை தாலித் தட்டைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று கீழே இறங்கினார்.

“ஓடாத பஸ்ஸுக்கு மாலை ஒரு கேடா!” என்று என் ஜிகினா மாலையை இரண்டு கையாலும் பிய்த்து என் கழுத்தில் எறிந்தார். “நீயே போட்டுக்க. ஏறு!”

அதற்குப் பிறகு அந்த பஸ் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. பின்சீட்டுப் பெண்கள் அத்தையின் கைராசியைப் புகழ்ந்தார்கள். முருகையா அண்ணன் மட்டும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“தம்பி, அந்தக் குஞ்சத்த எது மேல தொங்க விட்ட?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கறுப்புத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது ராடார். முன்னால் எதுவும் குறுக்கே வந்தால், டிரைவர் கவனிக்காவிட்டாலும் பஸ்ஸே பிரேக் போடுவதற்காக வைத்தது. காற்றில் ஆடிய ஜிகினாவை அது ஒவ்வொரு முறையும் ஏதோ வண்டி என்று நினைத்திருக்கிறது. அதைப் பற்றி வகுப்பில் தேர்வே எழுதியிருக்கிறேன். நல்ல மார்க் வேறு. ஆனால் பாடப் படத்தில் அது நீலமாக இருந்தது. எங்கள் பஸ்ஸில் கறுப்பாக இருந்தது. நான் என்ன செய்வது?

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தாலி மேடையேறியது. நான் மூச்சே அதற்குப் பிறகுதான் விட்டேன். அக்காவின் கல்யாணப் படங்களில் எல்லாம், பின்வரிசையில் கிரீஸ் வேட்டியோடு ஒருவன் அசடு வழிய நிற்பான். பட்டறை முதலாளி அதன் பிறகு பல வாரம் அந்தக் கறுப்புத் தகட்டை என்னைக் கொண்டே துடைக்க வைத்தார்.

இப்போது நான் நிஜமாகவே பஸ் ரிப்பேர் பார்க்கிறவன். போன வருடம் எனக்கும் கல்யாணம் ஆனது. தாலியைக் கையில் எடுத்தேன். முடிச்சுப் போடப் போன இடத்தில் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையிலிருந்து அத்தையின் குரல் கணீரென்று வந்தது.

“மொதல்ல அவன் கழுத்து மாலையக் கழட்டுங்க லா! பிரேக் புடிச்சிருச்சு!”

நாதஸ்வரக்காரர் சிரித்ததில் அவருக்கு ஊத மூச்சு வரவில்லை. தவில்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். என் கல்யாண வீடியோவில் நான் தாலி கட்டுகிற இடத்தில் கெட்டிமேளம் கிடையாது. மண்டபமே சிரிக்கிற சத்தம்தான் இருக்கிறது.