அப்பாவின் டாங்கி புதுக் கம்ப்யூட்டரில் ஓடாதது குறித்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம், அப்பா நீங்கலாக. அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்லியிருப்பேன், இந்த வீட்டில் அவர் காதில் விழாமல் எதையும் பேச முடியாது. அதனால் கடிதம்.

அப்பாவின் டாங்கி விளையாட்டு நின்றுவிட்டது. நிறுத்தியது நான். வேண்டுமென்று அல்ல.

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் அம்மா குளித்துவிட்டே வந்துவிடுவாள். பாவம் அப்பா என்று புதிதாக ஒன்று வாங்கினேன். பழையதைக் கடைக்காரரிடமே தள்ளிவிட்டேன். விளையாட்டை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். எடுத்ததை எங்கே போட்டாலும் ஓடும் என்று நினைத்தேன். இலக்கியம் படித்தவனின் கணினி அறிவு.

ஓடவில்லை. சர்வீஸ் கடைக்கு ஓடினேன். புதுசில் இருப்பது வேறு இனத்துப் பிராசசராம், போன்களில் இருக்கிற மாதிரி, பழைய விளையாட்டை அது வரிவரியாக மொழிபெயர்த்துத்தான் ஓட்டுமாம், அசல் விளையாட்டு என்றால் சிஸ்டத்துக்கு முகம் தெரியும், பக்குவமாக நடத்திக் கொண்டுபோகும், ஆனால் "இதுல யாரோ கை வெச்சிருக்காங்களே, யாரு சார் அது?" என்று கடைக்காரர் கேட்க, எங்க அண்ணன் என்று நான் சொல்ல, "நல்ல அண்ணன்" என்றார், பாராட்டா திட்டா தெரியவில்லை, வீட்டுக்கு வந்து மறுபடி முயன்றால் சிஸ்டம் என்னமோ கேட்டது, நானும் சரி சரின்னு அமுக்கிட்டே போனேன், கடைசியில வைரஸ்னு பிடிச்சு அழிச்சே போட்டுது, பென் டிரைவில் இருந்ததையும் சேர்த்து.

போகட்டும் என்று அசலையே வாங்கிப் போட்டேன். அழகாக ஓடியது.

அப்பா வேலையை விட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவர் மேல் குண்டு படக் கூடாதென்று எதிரி டாங்கிகளின் குறியை நீ ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி வைத்தாயே. நீ கைவைத்தது ஞாபகம் இருந்தது, எதற்கென்பது சுத்தமாக மறந்துவிட்டது எனக்கு.

அப்பா உட்கார்ந்தார். எழுந்தார்.

"என்னங்க, அதுக்குள்ளயா?" என்றாள் அம்மா.

"செத்துட்டேன்."

"சரி. டீ ஆறுது, வாங்க."

அன்று முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்தார். ஸ்கூட்டர் சாவியை என் முன்னால் வைத்தார். "கண்ணும் கையும் போச்சுடா. இனிமே நீயே ஓட்டு."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அண்ணா. அத்தனை பெரிய பெட்டியைச் சத்தமே வராமல் கப்பலில் இறக்கியவர். இப்போது தெருமுனையில் நிற்கிறார். வேறு யாராவது கடந்தால் அவர்கள் பின்னாலேயே கடக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். உங்கள் கை தளரவில்லை என்று சொல்ல வேண்டுமானால், நீங்கள் ஒருநாளும் ஜெயித்ததில்லை என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. உன்னாலும் முடியாது.

அதனால் இந்தப் புதுப் பிராசசருக்குத் தகுந்தபடி மறுபடி கைவைத்து அனுப்பு. அதே ஒரு சாண். பழையதில் செய்தது புதியதில் செல்லாதாம், முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். சிரமம்தான். செய். அப்பாவிடம் மூச்சுவிடாதே.

அண்ணிக்கு என் வணக்கம். குட்டிக்கு ஒரு முத்தம், கன்னத்தைக் கிள்ளாமல்.

தம்பி

பி.கு.: கடிதத்தைத் திரையில் திறந்தபடி விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அப்பா நாற்காலியில். முழுக்கப் படித்திருக்கிறார்.

"எல்லாப் பயலும் இடப்பக்கமே சுடறானேன்னு எனக்கும் தோணுச்சுடா. அவனுங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு விட்டுட்டேன்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பெரியவன்கிட்ட சொல்லு. ஒரு சாண் வேணாம். அரை சாண் போதும்."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"முக்கால்னு போடு."