சிகாமணி துடைத்த இரைச்சல்

ஒரு காட்டில், சிங்கராஜாவிடம் குறை சொல்வதற்கென்று ஒரு போன் நம்பர் இருந்தது. அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், அது வேறு கதை. எடுக்கும்வரை காத்திருப்பவர்களின் காதில் ஒலிக்க நல்ல குரல் ஒன்று தேவை என்று ராஜா விளம்பரம் கொடுத்தார். குரல் தேர்வானால் அந்தக் குடும்பத்துக்கு அரண்மனைக் குளத்தில் ஆயுசுக்கும் தண்ணீர்.

அப்போது கொளுத்தும் கோடை. வெளியே குட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தது. சிகாமணி என்கிற மயிலுக்கு மூன்று குஞ்சுகள்.

"இதையாவது உருப்படியா செஞ்சிட்டு வாங்க. இல்லேன்னா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் காட்டுக்குப் போறேன்" என்றாள் மனைவி மரகதம்.

சிகாமணிக்குத் தன் குரல்மேல் அபார நம்பிக்கை. இருக்காதா பின்னே? தோகையை விரித்துக்கொண்டு பாடுவான், காடே கைதட்டும். அத்தனையும் பாட்டுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

பேச்சியப்பன் என்ற குரங்கு நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், சிகாமணி மைக் முன்னால் நின்று, "வணக்கம். உங்கள் குறை எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்" என்று மூன்று தடவை பேசினான்.

"பதிவாயிடுச்சுண்ணே" என்றது குரங்கு. "இரைச்சல் இருந்தா, அதுல கொஞ்சூண்டு செலக்ட் பண்ணிக் காட்டுங்க. அதே மாதிரி சத்தம் எங்கே இருந்தாலும் சாஃப்ட்வேரே துடைச்சிடும். நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

சிகாமணி ஹெட்போனை மாட்டினான். இலைகளில் காற்று, எங்கோ சில்வண்டு. ஆகா, இதம்! திடீரென்று தகரத்தை ஆணியால் கீறினாற்போல ஒரு கத்தல்.

"எந்தப் பாவிடா நான் பேசும்போது உள்ளே பூந்து கத்தினது? நான் சொன்னதையே சொல்லிக் கிண்டல் வேற!"

அந்தக் கத்தலையே செலக்ட் பண்ணிக் காட்டினான். சாஃப்ட்வேர் சொன்ன பேச்சைக் கேட்டது. காற்றும் வண்டும் மட்டும் மிஞ்சின.

"அடடா, இப்பத்தான் என் குரல் சுத்தமா கேக்குது!" என்று சொக்கிப்போனான். வார்த்தை சற்றுத் தெளிவில்லைதான். பெரிய பாடகர்களுக்கே அப்படித்தானே என்று அனுப்பிவிட்டான்.

அரண்மனையில் அதுவே தேர்வாயிற்று. அதன்பின் குறை சொல்ல போன் செய்த மிருகமெல்லாம் காதில் போனோடு அப்படியே தூங்கிப்போயிற்று. ஒரு மாதத்தில் புகார் பூஜ்யம். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிகாமணியை நிரந்தரமாக்கி, குளக்கரையில் ஒரு பாராட்டு விழாவும் வைத்தார்.

"அந்த இனிய குரலில் இரண்டு வார்த்தை பேசப்பா!"

சிகாமணி மாலையைச் சரிசெய்துகொண்டு, மைக்கைப் பிடித்து, "வணக்கம்" என்றான். ஸ்பீக்கரில் கேட்டது அதே கத்தல்.

ராஜா துள்ளி எழுந்தார். "யாருடா அது? பிடிச்சு வெளியே தள்ளு!"

சிகாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் இதையா பாடினோம் என்று வெட்கமாக இருந்தது. குளத்தைப் பார்த்தான். மூன்று குஞ்சுகளும் மூக்கு முங்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

மைக்கை அணைத்துவிட்டு, ராஜாவின் காதோரம் போய்க் கிசுகிசுத்தான்:

"அன்னைக்கும் இதே தொல்லைதான் ராஜா. நான்தான் துடைச்சேன்."

"கெட்டிக்காரன்! இனிமேலும் விடாதே" என்றார் ராஜா.

நீதி: சொந்தக் குரல் இருப்பது குற்றமில்லை. ஆனால் அதைப் பற்றிய முதல் புகாரை நாமே கொடுத்துவிட்டால், உத்தியோகம் நிலைக்கும்.