மாமா மேல் வெடித்த எரிமலை

ஓரளவு தெரிந்த விஷயத்தைப் பற்றி நான் ஓரளவுதான் பேசுவேன். ஒன்றுமே தெரியாத விஷயமென்றால் என்னை யாராலும் நிறுத்த முடியாது. இந்த அரிய திறமையை என் கல்யாணப் பேச்சு நடந்த அன்றே முழுமையாக அரங்கேற்றினேன்.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. பண்டாரவளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவர், தன் மகள் சுகன்யாவுக்காக எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். கூடவே அவருடைய அக்காவும் சுகன்யாவும். (மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நேரில் பார்த்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தாளாம். பார்த்தாள், பாவம்.) எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. அவள் அப்பாவோ தேநீரைக் குடித்துவிட்டு, “யோசிச்சு சொல்றோம்” என்று எழுந்தார். அதற்கு என்ன அர்த்தமென்று ஊருக்கே தெரியும்.

விடுவேனா? “பஸ் எதுக்கு மாமா? நம்ம கார்லயே கொண்டுபோய் விடுறேன். எல்ல டவுன் வழியா மலையெல்லாம் பாத்துக்கிட்டே போகலாம்” என்றேன்.

“வண்டி மலை ஏறுமா தம்பி?”

“புதுசு மாதிரி மாமா!” (அந்தக் கார் என்னைவிட மூத்தது.)

தெமோதரை தாண்டியதும் வாயைத் திறந்தேன். கைபேசியில் எரிமலைக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. “இந்த மலையெல்லாம் ஒரு காலத்துல எரிமலை மாமா. அந்தச் செம்மண்ணு இருக்கே, நெருப்புக் குழம்பு ஆறிப்போனது. அங்க பாருங்க, இன்னும் புகையுது!”

மாமா எட்டிப் பார்த்தார். “மானாப்புல்லுக்கு யாரோ தீ வச்சிருக்காங்க தம்பி. வெயில் காலத்துல எப்பவும் நடக்குறதுதானே.”

“அடியில என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது மாமா” என்றேன், ஒரு விஞ்ஞானிக்குரிய அடக்கத்தோடு. பின்சீட்டில் சுகன்யா இருமினாள். நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லவுக்குப் போகும் ஏற்றத்தில் கார் முனகியது. பிறகு முன்பக்கமிருந்து நிஜமாகவே புகை வந்தது. இறங்கிப் பானட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நின்றோம்.

“இன்னும் ஆறட்டும் தம்பி” என்றார் மாமா, பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தபடி.

“எனக்குத் தெரியும் மாமா” என்று மூடியைத் திருகினேன்.

பீறிட்டது. நான் லாவகமாக விலகிக்கொண்டேன். (சுயநலத்தில் எனக்கு நல்ல வேகம் உண்டு.) மாமா தலை முதல் வேட்டி வரை நனைந்து நின்றார். நல்லவேளை, அதற்குள் கொஞ்சம் ஆறியிருந்ததால் பொசுக்கும் அளவுக்குச் சூடு இல்லை. ஆனால் தண்ணீர் மஞ்சளாக இருந்தது, பளிச்சென்று, கல்யாண வீட்டு மஞ்சள்!

“என்னா தம்பி இது?”

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. ரேடியேட்டரில் ஓட்டை இருந்தது. கராஜுக்குப் போகச் சோம்பல்பட்டு, பழைய வண்டிக்காரர்கள் செய்யும் கைவைத்தியத்தைச் செய்திருந்தேன். கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைபடுமாம். சொந்தக் கடைதானே, கஞ்சத்தனம் எதற்கென்று ஒரு பாக்கெட்டையே கொட்டியிருந்தேன். எல்லாவற்றையும் நடுரோட்டில் நின்று ஒப்பித்தேன். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

மாமாவின் அக்காதான் முதலில் பேசினார். “அடேய், மாப்பிள்ளை ஒன் மேல மஞ்சத்தண்ணி ஊத்திட்டாருடா! முறைக்காரங்கதானே ஊத்துவாங்க? நீ யோசிக்கிறதுக்குள்ள சாமியே முடிவு பண்ணிருச்சு!”

எங்கள் விசேஷங்களில் முறை உள்ளவர்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவது உண்மைதான். ரேடியேட்டரிலிருந்து ஊற்றிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மாமா சிரிக்கவில்லை. மீசையிலிருந்து மஞ்சள் சொட்ட, மகளைப் பார்த்தார். “நீ என்னாம்மா சொல்ற?”

சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சுகன்யா சொன்னாள்: “இவருக்கு ஒரு பொய்யக்கூட ஒழுங்கா மூடி வைக்கத் தெரியலப்பா. பயமில்லாமக் கட்டிக்கலாம்.”

என்னை இதுவரை யாரும் இவ்வளவு மட்டமாகப் பாராட்டியதில்லை. அன்று எனக்கு அதைவிட இனிமையான வார்த்தையும் இருக்கவில்லை.

எங்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டு நேரத்தில் நான் “எனக்குத் தெரியும் மாமா” என்று ஆரம்பித்தால் போதும். மாமா தோளிலிருக்கும் துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கடியில் ஒளிந்துகொள்கிறார்கள்.