மேடவாக்கம் பாட்டில்

பேக்கேஜிங் படிப்பில் முதல் வகுப்பில் தேறியவள் நான். ஓர் அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்காமல் விட்டவளும் நானேதான்.

பல்லாவரத்தில் எங்கள் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ரோஸ்மில்க் தயாரித்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் வியாபாரம். மழை வந்தால் அதுவும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு மேடவாக்கத்தைத் தாண்டி ஓர் ஐடி கம்பெனி கேன்டீனிலிருந்து அழைப்பு. ஆர்டர் கிடைத்தால் தினமும் வியாபாரம். ஒரே நிபந்தனை: பிளாஸ்டிக் பாட்டில் கூடாது.

"கவலையே படாதீங்கத்தா. மக்காச்சோளத்துல செஞ்ச பாட்டில் வந்திருக்கு. உலகமே இப்ப அதுக்குத்தான் மாறிக்கிட்டிருக்கு" என்றேன். (அந்த உலகத்தை நான் செல்போனில்தான் பார்த்திருந்தேன்.)

"சோளமா? மாடு தின்னுடப் போவுதும்மா."

"தின்னாலும் ஒண்ணும் ஆகாதுத்தா!" (சோதித்துப் பார்க்கவில்லை.)

மே மாதம். ஏசி வேலை செய்யாத பழைய கார். பாட்டில் பெட்டியைப் பின்கண்ணாடி ஓரமாக வைத்தேன். மேடவாக்கத்தில் இரண்டு தண்ணி லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டோம். ரோஸ்மில்க் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் சுகமாக வந்தது.

கேன்டீன் மேலாளர் முன்னால், ஏதோ சிலையைத் திறந்துவைப்பதுபோல் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு பாட்டில்களும் கணக்குப் பரீட்சையில் தோற்ற பிள்ளைகள்போலக் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் பக்கத்துப் பாட்டிலின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "புது டிசைன் சார். கைக்கு வாட்டமா இருக்கும்."

அத்தா பார்த்த பார்வையில் என் பட்டம் கருகியது.

"நிக்குமா?"

"நிக்காம என்ன சார்!" ஒரு பாட்டிலில் ரோஸ்மில்க்கை ஊற்றி மேசையில் வைத்தேன். அரை நொடி நின்றது. பிறகு நிதானமாக, யோசித்து முடிவெடுத்ததுபோல், அவர் பக்கமாகவே சாய்ந்தது. வெள்ளைச் சட்டை காலர்வரை ரோஜா நிறம்.

அத்தாதான் கைக்குட்டையை நீட்டினார். "மன்னிச்சுக்குங்க சார். படிச்ச பொண்ணு." (அதை மன்னிப்பாகச் சொன்னாரா, காரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.)

மேலாளர் துடைத்துக்கொண்டே விரலை நக்கினார். இன்னொரு முறை நக்கினார்.

"பாய், ரோஸ்மில்க் பிரமாதம். ஆனா பாட்டிலே வேணாம். எவர்சில்வர் டிரம்ல கொண்டாந்துடுங்க. அவங்கவங்க டம்ளர்ல பிடிச்சுக்கட்டும்."

பேக்கேஜிங் படித்த நான் வாங்கிக்கொடுத்த முதல் ஆர்டர், பேக்கேஜிங்கே இல்லாத ஆர்டர்.

வீட்டுக்கு வந்துதான் பெட்டியின் மேல் இருந்ததைப் படித்தேன்: 'வெயில் படாத இடத்தில் வைக்கவும்.'

இப்போதும் எங்கள் வீட்டில் யார் கூன்போட்டு உட்கார்ந்தாலும், "ஏ மேடவாக்கம் பாட்டில், நிமிர்ந்து உட்காரு!" என்பார் அம்மா. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மற்றவர்களெல்லாம் மாப்பிள்ளையின் வேலை, ஊர், உறவு என்று விசாரித்து முடித்த பிறகு, அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீங்க வெயில் தாங்குவீங்களா?"