தோத்திரம் பிட்டருக்குத் தடை வராத நாள்

சைக்கிள் பஞ்சரானதற்கு நடுரோட்டில் முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்ன மனிதர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒருவர்தான் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்கள் தெருவுக்கு அவர் ‘தோத்திரம் பிட்டர்’. அரிசி மில்லில் எஞ்சின் பார்க்கிற பிட்டர் வேலை.

வெள்ளைக்காரன் காலத்திலேயே ஜெயிலுக்குப் போனவர். தேசத்துக்காக அல்ல, சந்தையில் ஒருவன் தாடையை உடைத்ததற்காக. கிறிஸ்தவரான பிறகு பத்து வருஷமாக யார் மேலும் கை வைத்ததில்லை. அதை யாராவது பாராட்டிவிட்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

“நான் இன்னா நல்லவனா? ஆண்டவரு தடுத்துக்கினே கீறாரு. ஒரு நாளு உட்டுட்டாருன்னா தெரியும் என் யோக்கியத!”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இது நடந்த வருஷம்தான் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். படித்த படிப்பை யாரிடமாவது காட்ட வேண்டுமே! அவருக்கு வேதம் வாசித்துக் காட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தெரியாமல் பாவத்தில் விழப்போன ஒரு ராஜாவைக் கடவுள் கனவில் வந்து தடுக்கிற இடம் ஒன்று உண்டு. அதை நாற்பது தடவையாவது வாசித்திருப்பேன். மற்றதற்கெல்லாம், “அது கெடக்கட்டும், ராஜாவப் படி” என்பார்.

ராஜாவுக்குக் கனவு வந்தது. பிட்டருக்குப் பல்வலி வந்தது, அக்குளில் கட்டி வந்தது, சைக்கிள் செயின் கழன்றது, ரயில் தவறியது. எது நடந்தாலும் “தோத்திரம்!” என்று ஒரே கத்தல். ஒருநாள் மில்லில் பெல்ட் அறுந்தது. அறுந்த சத்தத்தைவிட இவர் சத்தம் பெரிதாக இருந்தது. மில் முதலாளி, பழவேற்காட்டு பாய், ஓடி வந்தார்.

“என் பெல்ட்டு அறுந்தா உனக்கு இன்னாய்யா தோத்திரம்?”

“காலைல நாலு பேர் முன்னால என்னைத் திட்டினீங்களே பாய். கேட்டுடலாம்னு ஸ்பேனரோட வந்துகினு இருந்தேன். கரெக்டா அறுத்துட்டாரு.”

பாய் ஸ்பேனரின் நீளத்தைப் பார்த்தார். “இனிமே உன்னைத் திட்டவே மாட்டேன்யா. பெல்ட்டுக்கு எங்க போறது, பேஜாரு!”

ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்த அவர் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. முன்பல் ஒன்றைக் காணோம். புருஷன் அடிப்பது புதிதல்ல. ஒவ்வொரு தடவையும் பிட்டர் கிளம்புவார், வண்டி போய்விட்டிருக்கும், தோத்திரம் சொல்லித் திரும்பி வருவார்.

இந்தத் தடவை அவர் ஸ்பேனரைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார். அவர் மனைவி என்னிடம் ஓடி வந்தாள்.

“தம்பி, அந்தாளு போனா அவனக் கொன்னுடும். கூடப் போ தம்பி!”

பின்னாலேயே ஓடினேன். நான் கிறிஸ்தவன் அல்ல. இருந்தாலும் அன்றைக்கு அவருடைய ஆண்டவரிடம், ஒரு முள்ளாவது குத்தட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். குத்தவில்லை. எப்போதும் அவரை விட்டுவிட்டுப் போகும் வண்டி, அன்று அவர் ஏறும்வரை நின்றது. நெரிசலில் ஒரு பெரியவர் ஒதுங்கி, “உக்காரு நைனா” என்று இடம்கூடக் கொடுத்தார். அந்தப் பெரியவர் கழுத்தை நெரித்தால் என்ன என்று தோன்றியது எனக்கு.

ஆரம்பாக்கத்து வயலில் தங்கை புருஷன் தன்னந்தனியாக, முதுகைக் காட்டியபடி குனிந்து மடை அடைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கத்த வாயெடுத்தேன், அதற்குள் பிட்டர் துண்டை உதறினார். ஸ்பேனர் தலைக்கு மேலே போயிற்று.

மேலேயே நின்றது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. பிட்டர் வரப்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவன் ஸ்பேனரைப் பார்த்துச் சேற்றில் விழுந்தான்.

பிட்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எழுந்திருடா. தங்கச்சி இனிமே என் ஊட்லதான் இருக்கும். அதோட பொட்டிய எடுத்துக் குடு.”

ஸ்டேஷனில் அந்தத் தகரப்பெட்டியின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஒரு தடையும் வரல, பாத்தியா வாத்தியாரே. ஆண்டவரு என்னைத் தள்ளிட்டாரு.”

“அப்புறம் ஏண்ணே அடிக்கல?”

“மனசு வரல.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ளே பூந்துகூடத் தடுப்பாரா? வேதத்துல அப்படி எங்கனா போட்டிருக்குதா?”

“தேடிப் பாக்கறேண்ணே” என்றேன்.

“பல்லு, கட்டி மாதிரி இது வலிக்கவே இல்லியே வாத்தியாரே” என்றார்.

அந்தக் கையை என் தோள்மேல் போட்டுக்கொண்டார். நல்ல கனம். எடுத்துவிடப் போகிறாரே என்று, வண்டி வரும்வரை நான் அசையவே இல்லை.