நாலாம் நம்பர் போத்தல்

பொய் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. சொன்ன பொய்க்குப் பக்கத்தில் முகம் மாறாமல் நிற்பதுதான் கஷ்டம். அதில் நான் மண்ணைக் கவ்விய நாளை நானே எழுதிவிடுகிறேன். நான் எழுதாவிட்டால் என் மனைவி சொல்வாள், அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே எனக்கு உதவி மெனேஜர் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள், ஐந்தரை மாதம் ஓடிவிட்டது. நேர்முகப் பரீட்சையில் வைன் பற்றித் தெரியுமா என்று கேட்டபோது, நன்றாகத் தெரியும் என்றிருந்தேன். (எனக்குத் தெரிந்தது கிறிஸ்மஸுக்குத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டில் கொடுக்கும் இஞ்சி வைன் மட்டும். அதைக் கைக்குழந்தைகூடக் குடிக்கும்.)

வேலையை நிரந்தரமாக்கிக்கொள்ள இன்னொரு அவசரமும் இருந்தது. வீட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, போட்டோ கைமாறி, வரும் வெள்ளிக்கிழமை மாத்தளையில் கோயிலில் வைத்து இரு வீட்டாரும் சந்திப்பதாக ஏற்பாடு. பெண் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்று அம்மா சொன்னாள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. போட்டோவைப் பார்த்ததோடு என் விசாரணை முடிந்துவிட்டது.

அந்த வாரம்தான் எட்டுப் பேர் கொண்ட கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் இன்ஜினியர் குகதாசன், யாழ்ப்பாணத்துக்காரர், கலிபோர்னியாவில் பல வருஷம் இருந்தவர். அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் ஆறு போத்தல் வைன் இருந்தது. ஆறுமே ஜின்ஃபண்டெல் என்ற ஒரே கறுப்புத் திராட்சையில் செய்தவை. ஒரே திராட்சைதான், ஆனால் மண்ணுக்கு மண் ருசி மாறுமாம். போத்தல்களைக் காகித உறைக்குள் மறைத்து வைத்து, ஒவ்வொன்றாக ருசித்து, எது எப்படி என்று எழுதி, கடைசியில் உறையைக் கழற்றிப் பார்ப்பதுதான் விளையாட்டு.

இன்ஜினியர் ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் ஒரு நம்பர் அட்டை கட்டி என்னிடம் ஒப்படைத்தார். ரெண்டாம் நம்பரை அலட்சியமாக நீட்டி, "இது சுப்பர்மார்க்கெட்டில சும்மா தூக்கினது, தம்பி. ஒப்பிட்டுப் பார்க்க ஒண்டு வேணுமெல்லோ" என்றார். நாலாம் நம்பரை இரண்டு கையாலும் தந்தார்.

"இது நூறு வருசத்துக் கொடியிலை காய்ச்ச பழம். என்ர சுவெட்டருக்குள்ள சுத்தி, பிள்ளையைத் தூக்குற மாதிரிக் கொண்டு வந்தனான்."

பிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலும் படக் கூடாது, இதமான குளிர்ச்சியில் இருக்க வேண்டும், பதினொரு மணிக்குத் திறந்து காற்றாட விட வேண்டும் என்று நாலைந்து தடவை சொன்னார். நானும் நாலைந்து தடவை தலையாட்டினேன். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதமான குளிர்ச்சி என்றால் ஒன்றுதான் தெரியும். உரச் சாக்கில் போட்டுக் கட்டி, பங்களாவுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் இறக்கினேன். எங்கள் பக்கம் பியர் போத்தலிலிருந்து சோடா வரைக்கும் அப்படித்தான் குளிர்விப்போம். கல்யாண வீடுகளில் ஓடையே கடை மாதிரி இருக்கும்.

பதினொரு மணிக்குச் சாக்கை இழுத்தேன். ஒரு கல்லில் இடித்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சாக்கின் அடியிலிருந்து தண்ணீர் சிவப்பாகக் கசிந்து ஓடியது. ஐந்து போத்தல் முழுசாக இருந்தது. ஆறாவதன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்க்க மனசு வரவில்லை, ஆனாலும் பார்த்தேன். நாலு.

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தில் படிக்கிற காலத்தில் செய்திருந்தால் இன்றைக்கு நான் டொக்டர். வரவேற்பறை ஜன்னலில் மணிபிளான்ட் வைத்திருந்த பழைய வைன் போத்தல் ஒன்று இருந்தது. கொடியை ஒரு டம்ளருக்கு மாற்றிவிட்டு, போத்தலை இரண்டு தடவை கழுவினேன். ரெண்டாம் நம்பரில் பாதியை அதில் ஊற்றினேன். உடைந்த போத்தலின் லேபல் ஓடைத் தண்ணீரில் ஊறித் தானாகவே கழன்று வந்தது. அதைத் துடைத்து, சமையலறையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்து மசித்து ஒட்டினேன். நாலாம் நம்பர் அட்டையைக் கட்டி, உறையை மாட்டினேன். பெற்ற தாய்கூட அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

அப்போதுதான் வாசலில் முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. தேயிலை ருசி பார்க்கிறவர் ஒருவரும் கூட இருந்தால் சுவாரசியமாக இருக்கும் என்று இன்ஜினியர் கேட்டிருந்தாராம். எங்கள் மெனேஜர் பக்கத்துத் தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலில் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா இறங்கினார். பின்னால் ஒரு பெண், கையில் ஒரு கரண்டியோடு.

போட்டோவில் இருந்த அதே முகம். தர்ஷினி. வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டிய பெண் புதன்கிழமையே வந்து நிற்கிறாள். அவளும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்பது ஒரு கணம் அவள் நடை தடுமாறியதில் தெரிந்தது. இருவரும் அந்நியர் மாதிரித் தலையசைத்துக்கொண்டோம். என் கையில் சோற்றுப் பசை இன்னும் காயவில்லை.

மதியம் ருசி பார்த்தல் தொடங்கியது. எட்டுப் பேரும் கிளாஸைச் சுழற்றினார்கள், மூக்கை உள்ளே விட்டார்கள், கண்ணை மூடினார்கள், ஒரு வாய் எடுத்துவிட்டு நாசூக்காக வாளியில் துப்பினார்கள். ஒன்றாம் நம்பரில் மிளகு என்றார்கள். மூன்றாம் நம்பரில் ஜாம் என்றார்கள். ரெண்டாம் நம்பருக்கு, சுமார், ஆழம் போதாது என்று எழுதினார்கள். நாலாம் நம்பரை ஊற்றியபோது இன்ஜினியரின் முகம் கோயிலில் திரை விலகும் நேரத்து முகம் மாதிரி ஆனது. அதைப் பார்த்து மற்றவர்களும் பக்தியானார்கள். ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இதில் மண் வாசனை இருக்கிறது, நூறு வருஷத்து வேரின் மணம் என்றார். (அது என் மணிபிளான்டின் வேர். வயது எட்டு மாதம்.)

அடுத்தது தர்ஷினி. கிளாஸ் வேண்டாம், வெள்ளைக் கோப்பை தாருங்கள், நிறம் தெரிய வேண்டும் என்று கேட்டாள். வைன் குடிப்பீர்களா என்று யாரோ தயங்கிக் கேட்டார்கள்.

"முழுங்க மாட்டேங்க. டீயையே முழுங்கிறதில்ல" என்றாள்.

கரண்டியில் எடுத்து, 'சர்ர்ர்' என்று ஒரு இழுப்பு இழுத்தாள். அந்தச் சத்தத்தில் இரண்டு பேர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வாய்க்குள் ஒரு சுற்று, உடனே துப்பல், அடுத்த கோப்பை. ஆறையும் முடிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. முகத்தில் பக்தியும் இல்லை, பாவனையும் இல்லை. பிறகு ரெண்டுக்குத் திரும்பினாள். மறுபடி நாலுக்குப் போனாள். நாலை முகர்ந்து பார்த்தாள். நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் அவளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷியின் நாக்கு இப்படி வேலை செய்யும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"சேர், ரெண்டும் நாலும் ஒரே பேட்ச். நாலுல மட்டும் லேசா செடித்தண்ணி வாசம் வருது. ஏனம் சரியா கழுவல."

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் கோபிக்கவில்லை, அதுதான் கொடுமை. பிள்ளை, தேயிலை வேறு வைன் வேறு என்று தன்மையாகச் சொல்லிக்கொண்டே நாலாம் நம்பரின் உறையைக் கழற்றினார். லேபல் கம்பீரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கைதட்டினார்கள். டீமேக்கர் ஐயா மட்டும் தட்டவில்லை. அவர் தர்ஷினியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். (அடுத்த மாதம் அவளைத் தொழிற்சாலையின் ருசி அறைக்குப் பொறுப்பாகப் போடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.)

தர்ஷினி லேபலைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அப்ப என் நாக்குலதான் கோளாறு சேர்" என்று மெதுவாகச் சொல்லி, கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

அந்தக் கரண்டி பைக்குள் போனதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இன்னும் பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"சேர், அவங்க நாக்கு சரி. நாலாம் நம்பர் ஓடையில போயிருச்சு. இது ரெண்டாம் நம்பர்."

இன்ஜினியர் லேபலைக் காட்டினார். சோற்றில் ஒட்டியது என்றேன். அவர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். ஒரு பருக்கை நசுங்காமல் முழுசாக வெளியே வந்தது. அதை விரலில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தர்ஷினி பக்கம் நகர்த்தினார்.

"பிள்ளை, நீங்கள் இதிலை இருங்கோ. மற்ற நாலையும் சொல்லுங்கோ, நாங்கள் எழுதுறம்."

எட்டுப் பேரும் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்கள். (டீச்சரம்மா மட்டும், மண் வாசனையைத் தான்தான் முதலில் சொன்னதாகக் கடைசிவரை வாதாடினார்.) டீமேக்கர் ஐயாவின் நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் மெனேஜர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார், அந்தப் பார்வையிலேயே என் ஆறு மாதக் கணக்கு முடிந்துவிட்டது. சாயந்திரம் இன்ஜினியர் என்னைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். உடைந்த கழுத்தை மட்டும் எடுத்து, கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவே மாட்டேன் என்றேன். அம்மா இழுத்துக்கொண்டு போனாள். பெண் வீட்டாருக்குக் கதை முழுவதும் தெரிந்திருந்தது. தர்ஷினியின் அப்பா, இந்த மாப்பிள்ளை சரியா என்று எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கேட்டார். அவள் கோப்பையை முகர்ந்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"ஏனம் கழுவத் தெரியாதுப்பா. ஆனா கேக்காமலே உண்மைய சொல்லிருவாரு."

இப்போது நான் தம்புள்ளையில் ஒரு ஹோட்டலுக்கு மரக்கறி வாங்கிக் கொடுக்கிறேன். தர்ஷினி இரண்டு தொழிற்சாலைகளின் ருசி அறைகளைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் மகளுக்கு ஆறு வயது. பஸ் பிந்திவிட்டது, கடை பூட்டியிருந்தது, போனில் சார்ஜ் இல்லை என்று நான் எதைச் சொன்னாலும், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அப்பா, இது ரெண்டா, நாலா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். நான் உடனே ரெண்டு என்று ஒப்புக்கொண்டுவிடுவேன். எங்கள் வீட்டில் மணிபிளான்ட் வைக்க இன்றுவரை அனுமதி இல்லை.