மாளிகைமேட்டு வாசப்படி

இல்லாத அரண்மனைக்குள் ஊரையே குனிந்து நடக்கவைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவருக்கு வாசப்படி என்று பெயர்.

பெரிய கோயிலை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். வாசப்படி அங்கிருந்து மாளிகைமேட்டுக்கும் கூட்டிப்போவார். சோழர் அரண்மனை இருந்த இடம். தோண்டியெடுத்த செங்கல் அடித்தளம் கொஞ்சம் உண்டு, மற்றபடி பொட்டல். அந்தப் பொட்டலில் அவர் மனசாலேயே சுவர் எழுப்பி, கதவும் வைத்திருந்தார்.

"அம்மா, அந்தப் பக்கம் போவாதீங்க, அடுப்பு எரியுது. சார், அந்தப்புரத்துல போன் பேசக் கூடாது. வெளிய போயி பேசுங்க."

போய்ப் பேசுவார்கள்.

வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர், "செவுரே இல்ல, எதுக்குய்யா சுத்திப் போவணும்?" என்று கேட்டாராம்.

"உங்க வூட்டுல செவுரு வழியாவா போயிட்டு வரீங்க?"

அவர் சுற்றிக்கொண்டு போனாராம்.

நான் பெரம்பலூரில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் பழைய மாணவர்கள் வேன் பிடித்து என்னை அங்கே கூட்டிப்போனார்கள். என் வகுப்பில் வாய் பிளந்து தூங்கியவர்கள், வாசப்படி முன்னால் கண் இமைக்காமல் நின்றார்கள். "நிலை தாழ்வு, குனிஞ்சு வாங்க" என்றதும் எல்லோரும் குனிந்தார்கள். பேங்க் மேனேஜராக இருக்கும் ஒருவன், அப்படியும் இடித்துவிட்டதாக நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

சுவர் வழியாக நேராக உள்ளே நடந்தேன். "இங்க சுவர் இருந்ததுக்கு என்னய்யா ஆதாரம்?"

"இடிச்சுட்டுக் கேக்குறீங்களே சார்," என்றார் மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். திரும்பும்போது எல்லோரும் சமையற்கட்டுக்குள் புகுந்து நேரே வேனுக்கு நடந்தார்கள்.

சில மாதம் கழித்துத் தனியாகப் போனேன். வாசப்படி இப்போது யாரையும் மாளிகைமேட்டுக்கு அழைத்துப்போவதில்லை என்றார் டீக்கடைக்காரர். "கேட்டா, இடிஞ்சு போச்சுங்கறாரு சார்."

வாசப்படி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் திருப்பிக்கொண்டவரைக் கெஞ்சி அழைத்துப்போனேன். பொட்டலில், நான் புகுந்த அதே சுவருக்கு வெளியே நின்றுகொண்டேன்.

"வாசல் எந்தப் பக்கங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

"கெழக்கால. இருங்க, பூட்டியிருக்கு."

மடியிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்துக் காற்றில் திருகினார். கனமான கதவு போலிருக்கிறது. தோள் கொடுத்துத் தள்ளினார்.

"வாங்க சார். தலை பத்திரம்."

நான் ரொம்பக் குட்டை. வீட்டில் காலண்டர் தாள் கிழிக்கவே முக்காலி வேண்டும். இருந்தும், நன்றாகக் குனிந்தே உள்ளே போனேன்.